அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும்: கார் கணினியை இவற்றோடு இணைக்கும் முறை

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கணினியைப் பொருத்தி, பாட்டும் மேப்பும் ரிவர்ஸ் கேமராவும் அதில் ஓட ஆரம்பித்துவிட்டால் அடுத்த ஆசை தானாக வந்துவிடும். கார் பூட்டியிருக்கிறதா என்று போனிலேயே பார்க்க வேண்டும். அலாரம் அடித்தால் உடனே தகவல் வர வேண்டும். மே மாத வெயிலில் நிற்கும் காரை மாடியிலிருந்தே ஸ்டார்ட் செய்து, கீழே இறங்கி வருவதற்குள் ஏசியைக் குளிர வைத்துவிட வேண்டும். டொரன்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதே ஆசை ஜனவரியில் வரும்; அங்கே வேண்டியது சூடு.

மூன்றுமே செய்யக்கூடியவைதான். ஆனால் முந்தைய அத்தியாயங்களில் செய்த வேலைகளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவற்றில் தவறு நேர்ந்தால் பாட்டு நிற்கும், திரை அணையும். இதில் தவறு நேர்ந்தால் ஆளில்லாத கார் நகரும்.

அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதியின் மேல்தான் நிற்கிறது: கணினி கேட்கலாம், முடிவெடுக்கக் கூடாது. வாசலில் நிற்பவர் காலிங் பெல்லை அடிக்கலாம். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது வீட்டுக்குள் இருப்பவரின் முடிவு. கணினிக்கு அந்த பெல் மட்டும் போதும். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயர் அதன் கைக்கு எட்டவே கூடாது.

யாருக்கு எந்த வேலை

நல்ல அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்கூட சில சமயம், “எதுக்கு சார் தனி யூனிட்? செல்ஃப் வயர்ல ஒரு ரிலே போட்டு உங்க கம்ப்யூட்டருக்கே கொடுத்திடலாம், காசு மிச்சம்” என்பார். காசு மிச்சம்தான். ஆனால் அந்த ரிலேவுக்கு ஒன்றும் தெரியாது. கியர் விழுந்திருக்கிறதா, என்ஜின் ஏற்கெனவே ஓடுகிறதா, பானட்டுக்குள் யாராவது கை வைத்திருக்கிறார்களா, எதையும் அது பார்க்காது. இவற்றையெல்லாம் கணினியில் நிரல் எழுதிப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கணினி ஹேங் ஆகும் சாதனம். ரிலே ஒட்டிய நிலையில் ஹேங் ஆனால் செல்ஃப் மோட்டார் எரியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கியரில் நிற்கும் வண்டி என்றால், என்ஜின் பற்றாவிட்டாலும் செல்ஃப் மோட்டாரே அதை இழுத்துக்கொண்டு போகும்.

முறையான ரிமோட் ஸ்டார்ட் யூனிட்டில் இந்தக் காவல்கள் எல்லாம் தனித்தனி வயர்களாகவே இருக்கும். பானட்டின் அடியில் ஒரு பின் சுவிட்ச். பானட்டைத் தூக்கியதும் அந்த வயர் எர்த் ஆகும், யூனிட் ஸ்டார்ட் செய்ய மறுக்கும். பிரேக் மிதித்தால் வரும் 12 வோல்ட்டுக்கு இன்னொரு வயர். மிதித்த நொடியில் என்ஜின் நின்றுவிடும். கண்ணாடியை உடைத்து ஏறி உட்கார்ந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. நியூட்ரல் அல்லது பார்க் நிலையைச் சொல்ல ஒரு வயர், ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு வயர், என்ஜின் பற்றிக்கொண்டதும் செல்ஃபை விடுவிக்க ஆர்பிஎம் சிக்னலுக்கு ஒரு வயர். இந்த ஐந்தும் சுவிட்சிலிருந்தும் சென்சாரிலிருந்தும் நேராக யூனிட்டுக்குப் போக வேண்டும். நடுவில் கணினிக்கு இடமே இல்லை. கணினியின் ஃபியூஸைப் பிடுங்கினாலும் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் முன்பு போலவே வேலை செய்ய வேண்டும். அப்படி இல்லையென்றால் இணைப்பு தவறு.

கையால் கியர் போடும் கார்களுக்கு என்று தனியாகச் செய்த யூனிட்களில் ‘ரெடி மோடு’ என்று ஒன்று உண்டு. இறங்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜின் ஓடும்போதே ரெடி மோடை இயக்கிச் சாவியை எடுக்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாரும் இறங்கிக் கதவைச் சாத்திப் பூட்டிய பிறகு யூனிட் தானே என்ஜினை நிறுத்தும். இதற்குப் பொருள்: வண்டி நியூட்ரலில் இருக்கும்போதுதான் கடைசி ஆள் இறங்கினார். அதன்பின் ஏதாவது ஒரு கதவு திறந்தாலும் ரெடி மோடு கலைந்துவிடும், ஏனென்றால் உள்ளே ஏறியவர் கியரைத் தொட்டிருக்கலாம்.

ஏற்பாடு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் இது முழுக்க முழுக்க கதவின் பின் சுவிட்ச்சை நம்பி நிற்கிறது. மழைநீர் இறங்கித் துருப்பிடித்த ஒரே ஒரு சுவிட்ச் போதும், கதவு திறந்ததே யூனிட்டுக்குத் தெரியாமல் போய்விடும். சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு நிறுத்தும் நல்ல பழக்கமும் நமக்கு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்த வண்டிகளுக்கும் குறைவில்லை. ஆகவே மேனுவல் கியர் காரில் ரிமோட் ஸ்டார்ட் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அலாரத்தை மட்டும் கணினியோடு இணையுங்கள். 2019 முதல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் போன்றவற்றின் சில ஆட்டோமேட்டிக் மாடல்களில் போன் வழியே ஸ்டார்ட் செய்யும் வசதி தொழிற்சாலையிலேயே வருகிறது. உங்கள் கார் அப்படிப்பட்டது என்றால் அதன்மேல் இரண்டாவது யூனிட் ஒன்றைப் போடத் தேவையே இல்லை.

எங்கே ஸ்டார்ட் செய்யலாம்

தெருவில் நிற்கும் காரை வீட்டிலிருந்தபடி ஸ்டார்ட் செய்வது இந்தியாவில் சட்டப்படி சரியல்ல. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், இல்லையேல் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆக, உங்கள் காம்பவுண்டுக்குள், திறந்த வெளியில் நிற்கும் கார் மட்டுமே இதற்குரியது. டொரன்டோவில் வேறு கணக்கு: அந்த நகரத்தின் விதிப்படி 60 நிமிடத்தில் 1 நிமிடத்துக்கு மேல் என்ஜினைச் சும்மா ஓட விடக்கூடாது.

திறந்த வெளி என்று சொல்வதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் புகை. என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஷட்டர் போட்ட கார் ஷெட்டில் ஓடும் என்ஜின், அதை ஒட்டிய படுக்கையறையில் தூங்குபவரைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் சாவியில்லாமல் ஸ்டார்ட் ஆகும் கார்களை அணைக்க மறந்து வீட்டுக்குள் போனவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். மூடிய ஷெட்டிலோ அடுக்குமாடியின் அடித்தளத்திலோ காரை நிறுத்துபவர் இந்த வசதியைப் பொருத்தவே கூடாது. மற்றவர்கள் யூனிட்டிலேயே ஓடும் நேரத்தை 10 நிமிடத்துக்குள் கட்டி வையுங்கள்.

அலாரம் சொல்வதைக் கணினி கேட்பது

இது எளிய பகுதி, பலனும் அதிகம். அலாரம் யூனிட்டிலிருந்து கணினிக்கு வேண்டியவை நான்கு செய்திகள்: பூட்டு விழுந்து அலாரம் காவலில் இருக்கிறதா, சைரன் அடிக்கிறதா, கதவு திறந்திருக்கிறதா, ரிமோட் ஸ்டார்ட்டில் என்ஜின் ஓடுகிறதா. யூனிட்டோடு வரும் கையேட்டில் முதலாவதை ‘கிரவுண்ட் வென் ஆர்ம்ட்’ என்றும் கடைசியை ‘கிரவுண்ட் வைல் ரன்னிங்’ என்றும் போட்டிருப்பார்கள். பெயரே சொல்வதுபோல இவை எர்த் கொடுக்கும் வயர்கள். காவலில் இல்லாதபோது அந்தரத்தில் தொங்கும். காவலுக்கு வந்ததும் எர்த் ஆகும். இவை தாங்கும் மின்னோட்டம் சிறியது, பெரும்பாலும் 200 முதல் 500 மில்லி ஆம்பியர். ஹாரனையோ விளக்கையோ இதில் நேராக மாட்டிவிடாதீர்கள்.

வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொன்றில் வேறு வேலை செய்யும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட மாறும். கையேட்டில் கப்ளரின் எத்தனையாவது பின் என்று பார்த்து, மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்துகொண்ட பிறகே கை வையுங்கள். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இந்த வேலைக்கு ஆகாது. அது இழுக்கும் மின்னோட்டமே காரின் மின்னணுப் பெட்டியைக் கெடுத்துவிடும். ஸ்டீயரிங்குக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயரையோ மஞ்சள் கப்ளரையோ கண்டால், அது ஏர்பேக். மீட்டரைக்கூட அங்கே கொண்டுபோகாதீர்கள்.

நம் கணினியான ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ பின்கள், அதாவது சிக்னல் வாங்கவும் கொடுக்கவும் உள்ள பின்கள், 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். காரின் வயர் ஒன்று தவறிப் பட்டால் அந்தப் பின் போய்விடும், பல சமயம் போர்டே போய்விடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஆப்டோகப்ளர் வேண்டும். பிசி817 என்ற நான்கு கால் சில்லு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். அதற்குள் ஒரு பக்கம் சிறு எல்ஈடி, மறுபக்கம் வெளிச்சம் பட்டால் கடத்தும் டிரான்சிஸ்டர். காரின் மின்சாரம் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், வெளிச்சம் மட்டுமே தாண்டும்.

இணைப்பு இப்படி: பேட்டரியின் 12 வோல்ட்டிலிருந்து, ஃபியூஸ் வழியாக, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதிலிருந்து எல்ஈடியின் பாசிட்டிவ் கால். எல்ஈடியின் நெகட்டிவ் கால் அலாரத்தின் ‘ஆர்ம்ட்’ வயருக்கு. அலாரம் காவலுக்கு வந்ததும் வயர் எர்த் ஆகி எல்ஈடி எரியும். ஓடும் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர் அளவுதான். நாள் முழுக்க எரிந்தாலும் 0.12 ஆம்பியர் மணி நேரம், பேட்டரிக்கு அது ஒரு பொருட்டல்ல. எல்ஈடிக்குக் குறுக்கே, திசை மாற்றி, ஒரு 1என்4148 டயோடு போட்டுவிடுங்கள். காரில் ரிலேக்கள் விடும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். மறுபக்கத்தில் டிரான்சிஸ்டரின் எமிட்டர் கணினியின் எர்த்துக்கு, கலெக்டர் ஒரு ஜிபிஐஓ பின்னுக்கு. அந்தப் பின்னுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம். அவ்வளவுதான். எல்ஈடி எரியும்போது பின் பூஜ்யமாகும்.

சைரன் வயர் இதற்கு நேர்மாறு. அதில் 12 வோல்ட் வரும். ரெசிஸ்டர் வழியே அதை எல்ஈடியின் பாசிட்டிவ் காலுக்குக் கொடுத்து, நெகட்டிவ் காலை எர்த் செய்யுங்கள். இங்கே நிரலில் ஒரு கவனம் வேண்டும். பூட்டும்போதும் திறக்கும்போதும் சைரன் ‘கீச்’ என்று ஒலிக்கும், அப்போதும் இந்த வயரில் 12 வோல்ட் வரும். அதையெல்லாம் திருட்டு என்று போனுக்கு அனுப்பினால் இரண்டு நாளில் நீங்களே அந்த அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள். தொடர்ந்து 2 நொடிக்கு மேல் நின்றால் மட்டும் அலாரம் என்று கொள்ளுங்கள். ஹாரன் வழியே அலறும் வகை என்றால் மின்சாரம் விட்டுவிட்டு வரும். 5 நொடியில் எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினி கேட்டுக்கொள்வது

பெரும்பாலான ரிமோட் ஸ்டார்ட் யூனிட்களில் ‘ஆக்டிவேஷன் இன்புட்’ என்று ஒரு வயர் இருக்கும். அதை ஒரு கணம் எர்த்தோடு தொட்டால், ரிமோட்டின் பட்டனை அழுத்தியதற்குச் சமம். யூனிட் தன் காவல்களையெல்லாம் சரிபார்த்து, சம்மதமானால் ஸ்டார்ட் செய்யும். இதுதான் நம் காலிங் பெல்.

பையின் பின் ஒரு ரிலேவை நேராக இழுக்காது. கார் ரிலேவின் காயில் 150 மில்லி ஆம்பியர் அளவு கேட்கும், பின் தரக்கூடியது 16. ஆகவே 5 வோல்ட்டில் இயங்கும் சிறு ரிலே ஒன்றை பிசி547 போன்ற டிரான்சிஸ்டர் வழியாக இயக்குங்கள். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு கட்டாயம். ரிலேவின் இரண்டு கான்டாக்ட்களில் ஒன்று ஆக்டிவேஷன் வயருக்கு, மற்றது பாடி எர்த்துக்கு.

எந்தப் பின் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மின்சாரம் வந்ததும், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, பையின் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மேலே இழுத்த நிலையிலும், 9 முதல் 27 வரை கீழே இழுத்த நிலையிலும் இருக்கும். ஜிபிஐஓ 4-இல் டிரான்சிஸ்டரை மாட்டினால், கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ரிலே ‘டிக்’ என்று ஒட்டக்கூடும். அந்த ஒரு ‘டிக்’ யூனிட்டுக்கு ஸ்டார்ட் கட்டளை. 17, 22, 27 போன்ற பின்னை எடுத்து, டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் போடுங்கள். கடையில் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை பின் பூஜ்யமானால் ஒட்டும் வகை. இந்த இடத்துக்கு அவை வேண்டாம்.

இன்னொரு காப்பும் உண்டு. பல யூனிட்களில், எத்தனை துடிப்பு வந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். 2 அல்லது அதற்கு மேல் வையுங்கள். தற்செயலான ஒரு துடிப்பு அப்போது எதையும் செய்யாது. துடிப்பைக் கொடுத்த பிறகு கணினி ‘கிரவுண்ட் வைல் ரன்னிங்’ வயரைப் பார்க்க வேண்டும். 20 நொடிக்குள் அது எர்த் ஆகாவிட்டால், ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று போனுக்குச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும். தானாக மறுபடி முயலும் நிரலை எழுதாதீர்கள். யூனிட் மறுத்ததற்கு ஏதோ காரணம் இருக்கும். அதை நேரில் போய்ப் பார்க்க வேண்டியது மனிதர்.

ஆக்டிவேஷன் வயரே இல்லாத மலிவான அலாரங்களில், உபரி ரிமோட்டைப் பிரித்து அதன் பட்டனுக்குக் குறுக்கே ரிலேவை வைத்துச் சால்டர் செய்வது வழக்கம். அந்த ரிமோட் காருக்குள்ளேயே கிடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கண்ணாடியை உடைத்தவன் கையில் கிடைத்தால் அலாரத்தை அணைக்க அதுவே போதும். அன்லாக் பட்டனுக்குப் போகும் தடத்தை பிளேடால் அறுத்துவிட்டு, லாக் பட்டனை மட்டும் பயன்படுத்துங்கள். தூரத்திலிருந்து பூட்டுவதில் ஆபத்தில்லை. திறப்பது நேரில் போய்ச் செய்யும் வேலையாகவே இருக்கட்டும்.

மின்சாரம்

செல்ஃப் சுற்றும் நேரத்தில் பேட்டரி 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கும். பழைய பேட்டரியும் கடுங்குளிரும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். கூடவே, சாவியைத் திருப்பினால் ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் ஏசிசி வயர் அந்தச் சில நொடிகளுக்கு முழுக்க அணைந்துவிடும். பழைய ரேடியோ ஸ்டார்ட் செய்யும்போது நின்று திரும்ப வருவது இதனால்தான். எனவே கணினிக்கு மின்சாரம் ஏசிசியிலிருந்து வரக்கூடாது. பேட்டரியிலிருந்து, தொடக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, 6 வோல்ட்டிலும் இயங்கும் கன்வெர்ட்டர் வழியாக வர வேண்டும். ஏசிசி வயர் ‘வண்டி ஆன்’ என்ற தகவலை மட்டும் தந்தால் போதும். ரிமோட் ஸ்டார்ட்டின்போது யூனிட்டும் ஏசிசியை உயிர்ப்பிக்கும். ‘கிரவுண்ட் வைல் ரன்னிங்’ செய்தியை நிரல் பார்க்காவிட்டால், ஆளில்லாத காரில் திரை பளிச்சென்று எரிந்து, நேற்று பாதியில் விட்ட பாட்டு ஓடும். வீதியில் போகிறவருக்கு அது ஓர் அழைப்பு.

வண்டி நிற்கும்போதுதான் உண்மையான சிக்கல். ராஸ்பெர்ரி பை 4 சும்மா இருந்தாலே 3 வாட் அளவு எடுக்கும்; கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 0.3 ஆம்பியர். ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணி நேரம். சிறிய காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி நேர பேட்டரி. இரண்டரை நாளில் பாதி காலி, நான்காம் நாள் ஊரிலிருந்து திரும்பி வந்தால் செல்ஃப் எடுக்காது, அலாரமும் ஊமையாகியிருக்கும். காரைக் காக்க வைத்த பொருளே காரைக் காவலில்லாமல் விட்டுவிடும்.

இதற்குச் சரியான வழி, பெரிய கணினியைத் தூங்க விடுவது. இஎஸ்பி32 போன்ற ஒரு சிறு கன்ட்ரோலரை ஆழ்ந்த தூக்கத்தில் வைத்து, ஆப்டோகப்ளர்களை அதோடு இணையுங்கள். சைரன் அடித்தாலோ கதவு திறந்தாலோ அது விழித்து, பைக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பட்டும். பேட்டரியின் அளவையும் அதுவே பார்க்கட்டும். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.2-க்குக் கீழே போனால் பையை எழுப்பக் கூடாது. ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிவிட வேண்டும்.

பவர் பேங்கை இடையில் வைத்து இதைச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெயிலில் மூடிய காரின் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரி இருக்க வேண்டிய இடமே அல்ல அது. கணினியையும் டேஷ்போர்டின் மேல்தட்டில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

சாவியும் ஓபிடியும்

இன்றைய கார்களில் சாவிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. ஸ்டீயரிங்கில் சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படித்த பிறகே என்ஜின் கணினி எரிபொருளை விடும். ஐரோப்பாவில் 1998-லிருந்தும் கனடாவில் 2007-லிருந்தும் புதிய கார்களில் இது கட்டாயம். ரிமோட் ஸ்டார்ட்டுக்கு இதைத் தாண்ட வேண்டியிருக்கும். வட அமெரிக்காவில் காரின் மாடலுக்கு ஏற்ற டேட்டா பைபாஸ் மாட்யூல்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதே சரி. மாட்யூல் கிடைக்காத இடத்தில், உபரிச் சாவியை ஒரு பெட்டிக்குள் வைத்து டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளித்துவிடச் சொல்வார்கள். சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டு அலாரம் பொருத்துவதில் அர்த்தமில்லை. உங்கள் காருக்கு மாட்யூல் இல்லையென்றால் ரிமோட் ஸ்டார்ட்டை விட்டுவிடுங்கள்.

என்ஜின் ஓடுகிறதா, வெப்பம் எவ்வளவு என்பதையெல்லாம் காரின் கோளாறைக் கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி கப்ளரிலிருந்தும் படிக்கலாம். ஓடும்போது படிக்கத் தடையில்லை. நிற்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் காரின் மின்னணுப் பெட்டிகள் தூங்கவே தூங்காது; பேட்டரிதான் பலி. அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர்களில் இந்தக் கேள்விகளைத் தவிர வேறு எதையும் கணினி எழுதவே கூடாது என்பதையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர் ஓடும் ஜீப் செரோகி ஒன்றை அதன் இணைய இணைப்பு வழியாகவே தூரத்திலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இணையத்தையும் கேன் வயரையும் ஒரே பெட்டி தொட்டுக்கொண்டிருந்ததன் விளைவு அது.

போனுக்கும் காருக்கும் நடுவே

2019-இல் பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வைப்பர், பண்டோரா ஆகிய இரண்டு பிரபல ஸ்மார்ட் அலாரங்களை ஆராய்ந்தது. அலாரத்தின் வயரிங்கில் குறையில்லை. போன் செயலி பேசும் சர்வரில், அடுத்தவர் கணக்கின் கடவுச்சொல்லையோ மின்னஞ்சலையோ மாற்றிவிட முடிந்தது. அதன்பின் அந்தக் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், அலாரத்தை அணைக்கவும், கதவைத் திறக்கவும் முடிந்தது. இரண்டு நிறுவனங்களும் குறையை உடனே சரிசெய்துவிட்டன. திருட்டைத் தடுக்க வாங்கிய பொருளே வழிகாட்டியாகிவிடும் ஆபத்து நாம் வீட்டில் செய்யும் இணைப்பில் இன்னும் அதிகம்.

காரின் கணினியை இணையத்தில் நேராகத் திறந்து வைக்காதீர்கள். வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக உங்கள் போன் மட்டும் அதை அடையட்டும். எஸ்எம்எஸ் கட்டளை வைத்திருப்பவர்கள் அனுப்புநர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணைப் போலியாகக் காட்ட முடியும்.

இதைவிட நுட்பமான ஆபத்து, தாமதமாக வரும் கட்டளை. சாதனங்கள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பலரும் பயன்படுத்தும் எம்க்யூடிடி முறையில் செய்தியை ‘ரிடெய்ன்’ என்று குறித்து அனுப்பினால், சர்வர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, கார் இணைப்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொடுக்கும். விளக்கு எரிகிறதா என்ற தகவலுக்கு இது பொருத்தம். ஸ்டார்ட் கட்டளைக்கு இது கொலைகாரத்தனம். மாலை 6 மணிக்கு நீங்கள் அனுப்பிய ‘ஸ்டார்ட்’, சிக்னல் இல்லாததால் தேங்கி நின்று, இரவு 11 மணிக்கு ஷெட்டுக்குள் நிற்கும் காருக்குப் போய்ச் சேரலாம். ஸ்டார்ட் செய்தியை ஒருபோதும் ரிடெய்ன் செய்யாதீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய நேரத்தையும், ஒருமுறை மட்டும் செல்லும் எண் ஒன்றையும் சேர்த்து, 15 நொடிக்கு மேல் பழசானதையும் ஏற்கெனவே வந்த எண்ணையும் கணினி குப்பையில் போடும்படி எழுதுங்கள். காரின் கணினியில் நேரம் சரியாக இல்லாவிட்டால் எல்லாக் கட்டளையையும் மறுக்க வேண்டும்.

சோதனை

முதல் சோதனையை செல்ஃப் வயர் இல்லாமல் செய்யுங்கள். யூனிட்டிலிருந்து செல்ஃபுக்குப் போகும் வயரைக் கழற்றி, அதன் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் இன்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். பல்பு எரிந்தால் செல்ஃப் சுற்றியிருக்கும் என்று பொருள். இனி பானட்டைத் திறந்துவிட்டு போனிலிருந்து கட்டளை கொடுங்கள். பல்பு எரியக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் லீவரை டிரைவில் வைத்து, ஒவ்வொன்றாக முயலுங்கள். ஒரு நிலையில்கூட எரியக் கூடாது. பிறகு கணினியின் மின்சாரத்தைப் பத்துப் பதினைந்து முறை பிடுங்கிப் பிடுங்கிப் போடுங்கள். அதிலும் எரியக் கூடாது. இத்தனையும் தேறிய பிறகே வயரை செல்ஃபுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த முதல் நிஜ ஸ்டார்ட்டின்போது காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான்.

எந்த வயரை எங்கே வெட்டி எதோடு சேர்த்தோம் என்பதை ஒரு தாளில் வரைந்து, கணினி ஃபியூஸ், யூனிட் ஃபியூஸ் இரண்டும் இருக்கும் இடத்தைக் குறித்து, டேஷ்போர்டு அறையில் வையுங்கள். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது யூனிட்டை, ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கி வைக்கும் ‘வாலே மோடு’க்கு மாற்றி, கணினியின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, “இந்த வண்டியில ரிமோட் ஸ்டார்ட் இருக்கு, பானட் சுவிட்ச்சைக் கழட்டாதீங்க” என்று மெக்கானிக்கிடம் வாயால் சொல்லுங்கள். ஜாப் கார்டிலும் எழுதச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கை வைத்து வேலை செய்யப்போகிறவர் அவர்தான்.